லைட் போட்டியா?

சவேலி நிகிஃபோரோவிச் என்று விசாரித்தால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘லைட் போட்டியா’ என்று விசாரித்தால் தெருநாய்கூட வழி காட்டும். அது அவனுடைய பட்டப்பெயர். அவன் காதில் விழாமல்தான் சொல்கிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு எப்போதோ தெரியும், கண்டுகொள்ளவில்லை.

லோசோவாவிலிருந்து கிழக்கே போகிற நெடுஞ்சாலையில் ரயில்வே கேட்டைத் தாண்டினால் வரிசையாக இரும்புக்கதவு ஷெட்டுகள். கடைசிக்கு முந்தினது சவேலியுடையது, கடைசி என்னுடையது. அவன் கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவன். நான் பெயின்ட் அடிப்பவள். என் புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்த பிறகு அவனுடைய ஸ்ப்ரே கன்னை நான் கையில் எடுத்தேன். அவனைவிட நன்றாகவே அடிக்கிறேன், இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமொன்றும் கிடையாது.

சவேலி பிறவியிலேயே லைட் பைத்தியம் இல்லை. ஒரு காலத்தில் இளவட்டங்களின் கார்களுக்குப் பாட்டுப்பெட்டி மாட்டிக்கொண்டிருந்தவன்தான். சோதித்துப் பார்க்கிறேன் என்று அவன் சத்தத்தைக் கூட்டினால் என் ஷெட்டில் பெயின்ட் டப்பாக்கள் நடுங்கும். நான் சுவரைச் சுத்தியலால் தட்டுவேன். அவன் மனைவி க்லாவ்தியா நடுவில் வந்து இருவரையும் திட்டிவிட்டு, முட்டைக்கோஸ் வைத்த ரொட்டியை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போவாள்.

ஒரு நவம்பர் பகலில் க்லாவ்தியா சந்தையிலிருந்து பக்கத்துவீட்டுக்காரரின் காரில் வந்துகொண்டிருந்தாள். மழை இல்லை, மூடுபனியும் இல்லை. நவம்பரில் எங்கள் பக்கம் இரண்டுக்கும் நடுவே ஒன்று விழுமே, அது விழுந்துகொண்டிருந்தது. முன்னால் சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய டிராக்டர். பக்கத்துவீட்டுக்காரர் அதைத் தாண்டுவதற்காக வண்டியை வெளியே எடுத்தார். எதிரே சாம்பல் நிற ரோட்டில், சாம்பல் நிற வானத்துக்குக் கீழே, சாம்பல் நிறக் கார் ஒன்று விளக்குப் போடாமல் வந்தது. பக்கத்துவீட்டுக்காரர் பிழைத்தார். க்லாவ்தியா பிழைக்கவில்லை.

அக்டோபரிலிருந்து மே வரைக்கும் ஊருக்கு வெளியே பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்று அதற்கு முன்பே சட்டம் வந்திருந்தது. எதிரே வந்தவன் கோர்ட்டில், “பகல்ல எதுக்கு லைட்டுன்னு நினைச்சேங்க” என்றான். கெட்டவன் இல்லை. உள்ளதைத்தான் சொன்னான். அந்த ஒரு வார்த்தை சவேலியின் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

பாட்டுப்பெட்டிகளையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். பழைய கார்களுக்குப் பகல் விளக்கு மாட்ட ஆரம்பித்தான். பம்பருக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை விளக்கு. எஞ்சின் ஓடினால் அது எரியும், எஞ்சின் நின்றால் அணையும், டிரைவர் நினைத்தாலும் மறந்தாலும் ஒன்றுதான். கையில் காசில்லாதவர்களுக்குச் சும்மாவே மாட்டினான். வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் மாட்டினான். என் காரை நான் பக்கத்து ஊருக்குப் போய்வந்த நேரத்தில் திறந்து மாட்டிவிட்டான். கேட்டதற்கு, “நன்றியெல்லாம் வேணாம்” என்றான்.

அதோடு விட்டானா? காலையில் தேநீர்க் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ஷெட்டுகளுக்கு எதிரே இருக்கிற பஸ் நிறுத்தத்தில் போய் நிற்பான். விளக்கில்லாமல் ஒரு கார் வந்தால் ரோட்டுக்குள் ஒரு கால் வைத்து, கையை வீசி, “லைட்டு! லைட்டைப் போடு!” என்று தொண்டை கிழியக் கத்துவான். முன்னால் போலீஸ் நிற்கிறது என்று எச்சரிக்கிறானாக்கும் என்று பலபேர் வேகத்தைக் குறைத்தார்கள். “அப்படியாவது மெதுவாப் போய்த் தொலையட்டும்” என்பான்.

இதில் அதிகம் பட்டவள் அவன் மகள் யூஸ்தினாதான். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். யாருடைய வண்டியில் கிளம்பினாலும் போனில் கூப்பிட்டு, “லைட் போட்டியா?” என்பான். பஸ்ஸில் போனாலும் கேட்பான், சைக்கிளில் போனாலும் கேட்பான். நடனத்துக்குக் கூட்டிப்போக வந்த ஒரு பையனிடம் அவன் குலம் கோத்திரமெல்லாம் விசாரிக்கவில்லை. காரைச் சுற்றி வந்து பல்பைத்தான் பார்த்தான். அந்தப் பையன் அப்புறம் வரவில்லை. கடைசியில் அவள் போனை எடுத்ததுமே, அவன் வாய் திறப்பதற்கு முன்னால், “போட்டேன்ப்பா” என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அவர்கள் வீட்டில் போய்வருகிறேன் என்பதற்கு அதுதான் வார்த்தை.

பிறகு போர் வந்தது. அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அவரவர் பங்கு அவரவருக்குக் கிடைத்திருக்கிறது. எங்கள் ஷெட்டுகளுக்குக் கிடைத்த பங்கு கார்கள். யார் யாரோ எந்தெந்த நாட்டிலிருந்தோ பட்டாளத்துக்கு வாங்கி அனுப்பின பழைய வேன்கள், பின்னால் திறந்த பெட்டி வைத்த வண்டிகள். வெள்ளை, சிவப்பு, ஒன்றில் பூக்கடையின் பெயரும் ரோஜாவும். எல்லாவற்றையும் மங்கின பச்சையாக்குவது என் வேலை. பளபளப்பில்லாத பச்சை. அதைத் தவிர வேறு நிறம் என் கையால் அடித்து வருஷக்கணக்காகிறது. அந்தப் பச்சையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது, சொல்லிவிட்டேன்.

இருட்டாக்குவது சவேலியின் வேலை.

இப்போது வருகிற கார்களில் எஞ்சினைப் போட்டதுமே பகல் விளக்கு தானாக எரிகிறது. அணைக்கப் பொத்தான் கிடையாது. செய்தவன் ஊரில் அது நல்ல காரியம். எங்கள் கிழக்கு ரோட்டில் அது மேலே பறக்கிற ட்ரோனுக்கு விலாசம் எழுதிக் கொடுக்கிற வேலை. ரோட்டின் கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, தலைக்கு மேலே மீன்வலை கட்டியிருக்கிறார்கள், பறந்து வருகிறது சிக்கட்டும் என்று. அந்த வலைக்குள் போகிற வண்டியில் பகலோ சாயங்காலமோ ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கக் கூடாது. சாவியை அமுக்கினால் கண்சிமிட்டுகிற விளக்கு, கதவைத் திறந்தால் எரிகிற விளக்கு, பிரேக் விளக்கு எல்லாமே போக வேண்டும்.

முதலில் வந்து நின்றது யார் என்கிறீர்கள்? ஹோர்தி. முன்னே இதே ரோட்டில் போக்குவரத்துப் போலீஸாக நின்று, லைட் போடாதவனுக்கெல்லாம் அபராதம் தீட்டினவன். அதனாலேயே சவேலிக்கு அவன்மேல் தனிப் பிரியம். இப்போது பட்டாளத்து உடுப்பில் ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“சவேலி, லைட்டை எடுத்து விடு.”

“ஏன், அபராதம் போட ஆள் இல்லேன்னு துணிச்சலா?”

“அபராதம் போட நான்தான் இருந்தேன். நானே இங்க வந்து நிக்கறேன் பாரு.”

“வேற யார்கிட்டயாவது போயேன்டா.”

“நீதானே மாட்டற ஆளு. மாட்டினவனுக்குத்தான் எடுக்கத் தெரியும்.”

சவேலி கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பம்பருக்குக் கீழே படுத்தான். வெகுநேரம் வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தேன். வயரைக் கையில் பிடித்தபடி சும்மா படுத்திருந்தான். பிறகு எழுந்து வந்து சொன்னான்: “வெட்ட மாட்டேன். ஸ்விட்ச் வெச்சுத் தர்றேன். வலைக்குள்ள போகறப்ப அணை. வெளியே வந்ததும் போடு.”

அன்றிலிருந்து அதுதான் அவன் சட்டம். வெட்டுவதில்லை, ஸ்விட்ச்தான். டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். “மாமா, முழங்கால் பட்டு எரிஞ்சிடப் போவுது” என்பார்கள். அவனிடம் அதற்கும் பதில் இருந்தது. இருமல் மருந்துப் பாட்டில் மூடியைக் கொண்டுவந்து ஸ்விட்ச்மேல் கவிழ்த்து, கீல் வைத்து மாட்டினான். மூடியைத் தூக்கினால்தான் ஸ்விட்சைத் தொட முடியும். மருந்துக்கடைக்காரி அவனுக்காக மூடிகளைச் சேர்த்து வைத்தாள். அந்த மூடிகளுக்கு மட்டும் சிவப்பு அடித்துத் தரச் சொல்வான். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த ஒரு சொட்டுச் சிவப்புக்காக நான் காத்துக்கொண்டிருப்பேன்.

அவன் பிடிவாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வலைக்கு வெளியேயும் இருட்டாகவே வருகிற வண்டிகள் சாயங்காலத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மேலேயிருந்து விழுந்ததில் தப்பித்தவன், எதிரே வந்த நம் ஆள் வண்டியிலேயே போய் முட்டிச் செத்தான். அப்படி ஒரு செய்தி வந்தால் சவேலி அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

யூஸ்தினா மருத்துவ உதவியாளராகப் படித்துவிட்டு, காயம்பட்டவர்களை ஏற்றிவருகிற வேனில் போய்ச் சேர்ந்திருந்தாள். அவளே ஓட்டவும் செய்வாள். வலைக்கு அந்தப் பக்கம் போய், ஏற்றிக்கொண்டு, திரும்பி வந்து, இறக்கிவிட்டு, மறுபடி. வலையை விட்டு வெளியே வந்ததும் அப்பாவுக்கு ஒரு வரி அனுப்புவாள்: ‘போட்டேன்ப்பா.’ அது வருகிறவரைக்கும் அவன் போனை மேஜையில் வைக்க மாட்டான். வந்த பிறகு, மரப்பெட்டிமேல் உட்கார்ந்தபடியே, வாயில் வயரைக் கடித்துக்கொண்டே தூங்கிவிடுவான். சைரன் அலறினாலும் எழுந்திருக்க மாட்டான். நானும் எழுந்திருப்பதில்லை. பயப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே.

இந்த மார்ச் மாதம் அவளுடைய பழைய வேன் படுத்துவிட்டது. புதிதாக ஒன்று கிடைத்து, அதை ஓட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளை வேன். முன்விளக்குக்கு மேலே புருவம் எழுதினாற்போல் பகல் விளக்கு வளைந்து எரிந்தது. அழகாகத்தான் இருந்தது. நான் ஒரு நாள் முழுக்க அதைப் பச்சையாக்கினேன். அவள் அப்பா வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தூங்கினாள். மறுநாள் மதியம் ஷெட்டுக்கு வந்தபோதும் கண்ணுக்குக் கீழே கறுப்பு போகவில்லை. போர்ஷ்ச் சூப் சூடாக்கிக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தாள்.

“உக்காந்து சாப்பிடுடி.”

“உக்காந்தா மறுபடி தூங்கிடுவேன் அத்தை.”

சவேலி பானெட்டைத் திறந்து வைத்திருந்தான். சிவப்பு மூடியும் தயாராக இருந்தது. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அப்பா, ஸ்விட்ச் வேணாம். வெட்டிடு.”

“வெட்டறதில்ல. உனக்குத் தெரியும்ல.”

“தெரியும். அதான் சொல்றேன், வெட்டிடு.”

“வலைய விட்டு வெளிய வந்தப்புறம் என்ன பண்ணுவ? எதிர்ல வர்றவனுக்கு உன்னை எப்படித் தெரியும்?”

“தெரியாமப் போனா நான் பாத்து ஓட்டறேன்.”

“அவனும் அப்படித்தான் நினைப்பான். ரெண்டு பேரும் நினைச்சுக்கிட்டே வந்து மோதுங்க.”

“வெட்டச் சொன்னா வெட்டேன்ப்பா!”

“உங்கம்மா எப்படிச் செத்தா?”

இதைக் கேட்டதும் நான் ஸ்ப்ரே கன்னைக் கழுவுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். யூஸ்தினா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

“அம்மா எப்படிச் செத்தான்னு எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா தினமும் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்.” சிவப்பு மூடியைக் காட்டினாள். “மிரோன் வண்டிக்கு யாரு ஸ்விட்ச் வெச்சது?”

“நான்தான். ஏன்?”

மிரோன் அவளோடு வேலை பார்த்த டிரைவர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. இந்த ஷெட்டில் வந்து நின்றபோது அந்தச் சிவப்பு மூடியைத் தட்டித் தட்டி, “இருமல் வந்தா இதத் தொறந்து குடிக்கணுமா மாமா?” என்று கேலி பண்ணிவிட்டுப் போனவன்.

“சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்” என்றாள். “வலைக்குள்ள ஒரு எடம் பிஞ்சிருக்கு. அங்க போறப்ப ஸ்ட்ரெச்சர் முன்னால சரிஞ்சு டாஷ்போர்டுல இடிச்சிருக்கு. மூடி உடைஞ்சு ஸ்விட்ச் தட்டிடுச்சு. லைட் எரியறது உள்ள இருக்கறவனுக்குத் தெரியல. கண்டுபிடிக்கறதுக்குள்ள மேல வந்துடுச்சு.”

“மிரோன்?”

“இருக்கான். ஒரு கால் இல்ல. பின்னால படுத்திருந்த பையன் இல்ல.”

சவேலி சிவப்பு மூடியைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்தான். அது படக்கென்று உடைந்தது. மருந்துப் பாட்டில் மூடிதானே.

“உன் மேல தப்புன்னு யாரும் சொல்லலப்பா. மிரோனே சொல்லல.”

“நீ சொல்றியா?”

“நான் வெட்டச் சொல்றேன்.”

ஏதாவது சொல்லி இருவரையும் சிரிக்க வைக்கலாமென்றால் வாயில் ஒன்றும் வரவில்லை. நானே அன்றைக்கு என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் யோசிக்கிறேன். ஸ்விட்ச் வைத்தால் ஒரு சாவு. வெட்டினால் இன்னொரு சாவு. எந்தச் சாவு மகளிடமிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்று அப்பன்காரன் கட்டிங் பிளேயரோடு நின்று தீர்மானிக்க வேண்டும். இது என்ன வேலை? யார் கண்டுபிடித்த வேலை?

அவன் படுத்து, பம்பருக்குக் கீழே கையை விட்டான். இடது பக்கம் ஒரு ‘டிக்’. வலது பக்கம் ஒரு ‘டிக்’. கேட்டேன்.

எழுந்து, எஞ்சினைப் போட்டுப் பார்த்தான். முன்னால் ஒன்றும் எரியவில்லை. புருவம் செத்துக் கிடந்தது.

“முடிஞ்சுதா?” என்றேன்.

“ரோட்டுல பாக்காம எதுவும் முடியாது” என்றான். அவன் நிமிர்ந்து நின்றதில் பழைய சவேலி கொஞ்சம் திரும்பி வந்தாற்போல் இருந்தது. “யூஸ்தி, அந்த வளைவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வா. நான் பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்.”

நானும் கூடப் போனேன். அவன் எத்தனையோ காலைகளில் தேநீர்க் குடுவையோடு நின்ற அதே இடம். அன்றைக்கு விளக்கில்லாதவனைப் பிடிக்க நின்றான், இன்றைக்கு விளக்கைப் பிடிக்க நிற்கிறான். வேன் வளைவில் திரும்பி எங்களை நோக்கி வந்தது. பத்தடி வருவதற்குள் அவன் கையை வீச ஆரம்பித்துவிட்டான்.

“எரியுது! எரியுது பார், கீழ!”

ஆமாம். பம்பருக்கு அடியில், ரோட்டை ஒட்டி, இரண்டு மூடுபனி விளக்குகள் மஞ்சளாக எரிந்தன. ஷெட்டில் நிற்கும்போது அணைந்தே இருந்தவை. யூஸ்தினா கண்ணாடியை இறக்கி, “என்னப்பா, எதுவும் தெரியலயே உள்ள?” என்றாள்.

“ஹேண்ட் பிரேக் போட்டிருந்தப்ப சும்மா இருந்துச்சு. பிரேக்க எடுத்து வண்டி நகந்ததும், பகல் லைட் எரியலேன்னு இதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்குப் பதிலா பனி லைட்டப் போட்டிருக்கு.”

“யாரு போட்டா?”

“வண்டியேதான். எதிர்ல வர்றவன் உன்னைப் பாக்காமப் போயிடுவானேன்னு அதுக்குக் கவலை.”

“பனி லைட்டையும் புடுங்கிடு.”

“புடுங்கினா பெரிய லைட்டைப் போடும். விடாது இது.”

நான் சொல்லிவிட்டேன்: “ஏன்டா சவேலி, இந்த வண்டி அச்சு அசல் உன்னை மாதிரியே இருக்குடா.”

யூஸ்தினாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் சிரித்தாள், பிறகு ஸ்டீயரிங்மேல் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்பனும் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தே எவ்வளவு நாளாயிற்று. பிறகு சிரிப்பு நின்றது. நின்றதும் மூன்று பேருக்கும் முன்னைவிடக் களைப்பாக இருந்தது.

ஷெட்டுக்குத் திரும்பி, வெட்டின வயர் முனைகளில் இரண்டு பக்கமும் விரல்நகம் அளவுக்கு ஒரு மின்தடையை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். விளக்கு குடிக்கிற கரண்டை இது குடித்துக்கொள்ளும், வண்டிக்கு விளக்கு எரிகிற கணக்கு என்றான். அதுவும் சூடாகும், ஆனால் வெளிச்சம் வராது.

“அப்போ வண்டியை ஏமாத்தற” என்றேன்.

“எரியுதுன்னு நம்பிக்கிட்டே போகட்டும். வேற வழி தெரியல.”

டேப் சுற்றி முடித்து, உள்ளே ஏறி எஞ்சினைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கினான். வெளியே எதுவும் எரியவில்லை. டாஷ்போர்டில் மட்டும், வேகம் காட்டுகிற முள்ளுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு பச்சைப் பொட்டு எரிந்தது. பகல் விளக்கு ஒழுங்காக எரிகிறது என்று டிரைவருக்குத் தெரிவிக்கிற பொட்டு. அதன்மேல் அவனே ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டப் போனான். யூஸ்தினா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது இருக்கட்டும்ப்பா. அது வெளிய தெரியாது.”

“கண்ணாடி வழியா...”

“அவ்ளோ சின்னது. தெரியாது. இருக்கட்டும்.”

மறுபடி பஸ் நிறுத்தம். அதற்குள் தூற ஆரம்பித்துவிட்டது. மழை இல்லை, பனியும் இல்லை, நவம்பரில் விழுவதே மார்ச்சிலும் விழும். வானமும் ரோடும் வயலும் ஒரே நிறம். வேன் வளைவுக்குப் போய் மறைந்தது. சவேலி வழக்கம்போல ரோட்டுக்குள் ஒரு கால் வைத்து நின்றான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். ஒரு டிராக்டர் போனது. அதன் பின்னால் தபால் வண்டி, விளக்கு எரிந்துகொண்டே போனது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

“இன்னும் திரும்பலயா அவ?” என்றான். இன்னும் ஓரடி உள்ளே போய், கழுத்தை நீட்டினான். “வண்டி நின்னுபோச்சா என்ன?”

நான் என் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ரோடு காலியாகத்தான் இருந்தது. பிறகு காலியாக இல்லை. வேன் எங்கள் முன்னால் இருந்தது, அவ்வளவு பக்கத்தில். நான் சவேலியின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். பிரேக் கிறீச்சிட்டது. வேன் அவன் நெஞ்சுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

யூஸ்தினா கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். “நடு ரோட்டுல நிப்பியாப்பா? உனக்கு அறிவிருக்கா? கை காட்டினேனே, பாக்கல?”

சவேலி பானெட்மேல் உள்ளங்கையை வைத்தான். நான் அடித்த பச்சையில் மழைத்துளி நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

“தெரியவே இல்ல” என்றான். “ரயீசா, உனக்குத் தெரிஞ்சுதா?”

“இல்ல.”

“எனக்கும் தெரியல. பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியவே இல்ல. நல்லா... நல்லா வந்திருக்கு வேலை.”

சொல்லிக்கொண்டே அழுதான். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. எங்கள் ஆட்கள் அழுதால் திரும்பி நின்று அழுவார்கள். இவன் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதான். இத்தனை வருஷம் இதே இடத்தில் நின்று, விளக்கில்லாமல் வந்த ஒவ்வொரு காரையும் திட்டித் தீர்த்தவன். கோர்ட்டில் அந்த ஆள் சொன்னது அவன் காதில் கேட்டிருக்கும். எனக்கே கேட்டதே.

யூஸ்தினா அவனைக் கட்டிப்பிடித்து, அவன் தலையில் விழுந்த தூறலைக் கையால் வழித்துவிட்டாள். அப்போது அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். முகம் மாறியது. அந்த மாற்றம் எங்களுக்குப் பழக்கம்.

“கூப்பிடறாங்க. சாயங்காலத்துக்குள்ள போகணும்.”

“ரொட்டி எடுத்துக்கிட்டியா?” என்றேன் நான். வேறென்ன கேட்பது?

“எடுத்துக்கிட்டேன் அத்தை.”

அவள் ஏறி உட்கார்ந்தாள். சவேலி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வாய் திறந்தது. “லைட்...” என்று பழக்கத்தில் வந்துவிட்டது. மீதி வரவில்லை.

அவள் டாஷ்போர்டைத் தட்டிக் காட்டினாள். அந்தப் பச்சைப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

“போட்டேன்ப்பா” என்றாள். “பாரு, எரியுது.”

அவன் குனிந்து உள்ளே பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். “ஆமா. எரியுது” என்றான். கையை எடுத்தான்.

வேன் கிழக்கே போனது. வளைவு வரைக்கும்கூட எங்கள் கண்ணுக்கு அது நிற்கவில்லை. எந்த இடத்தில் மறைந்தது என்றே சொல்ல முடியாது. எதிர்ப்பக்கமிருந்து ஊர்க்கார் ஒன்று விளக்கோடு வந்தது. ஓட்டி வந்தவன் சவேலியை அடையாளம் கண்டுகொண்டு, பழைய நாட்களில் செய்வதுபோல் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டுச் சிரித்துக்கொண்டே போனான். சவேலி அவனுக்குக் கையைத் தூக்கவில்லை. அவன் கிழக்கேதான் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்படித்தான் செய்து அனுப்பியிருந்தோம், அவன் வெட்டின வயரும் நான் அடித்த பச்சையுமாக.